திட்டி வாங்கிய வண்டி

பாஸ்கரன் மாமா எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கப்பா அவரிடம் பதினொரு குறை கண்டுபிடித்தார். ஆள் கொஞ்சம் குள்ளம். காது பெரிசு. ஆவடி டிபன்ஸ் பேக்டரியில் நல்ல வேலைதான், ஆனால் சொந்த ஊர் தர்மபுரி பக்கம், தூரம். காபியை உறிஞ்சிக் குடிக்கிறார். இப்படியே போய், சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு கலர் என்பதில் வந்து நின்றது. ஏழாவது குறை வரும்போதே உள்ளே அம்மா கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா ஒரு பொருளை இவ்வளவு நேரம் நின்று திட்டினால் அதை வாங்காமல் கடையை விட்டு இறங்க மாட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் மாமாதான். கேசரியை மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் அம்மாவுக்கு போன் போட்டு, இந்த இடம் அமையாது என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்போம். மாமா சிரிக்க மாட்டார். அந்தப் பட்டன் அயர்ன்காரர் மாற்றித் தைத்தது என்று இன்றைக்கும் விளக்கம் சொல்வார்.

எங்களுக்குப் பூந்தமல்லி கடைத்தெருவில் பாத்திரக்கடை. இப்போது அப்பாவோடு நானும் உட்காருகிறேன். வாங்கப்போகும் பொருளைப் பார்த்து முகம் சுளிக்க நாங்கள் பல் முளைக்கும்போதே கற்றுக்கொண்டோம். அம்மாவின் சமையலை அப்பா வாய்விட்டுப் புகழ்ந்தால் அன்றைக்கு சாம்பாரில் உப்பு அதிகம். முகத்தைச் சுளித்து "ஏதோ கீது" என்று சாப்பிட்டால் மறுசோறு போடலாம்.

மாமாவின் தொழில் இதற்கு நேர் எதிர். பேக்டரியில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். பாகத்தை அளக்கிற கேஜ் முள் என்ன காட்டுகிறதோ அதை எழுத வேண்டும். ஒரு நூல் குறைந்தால் குறைந்தது, கூடினால் கூடியது. இருபது வருஷம் அதையே செய்ததில் அவர் முகமும் ஒரு கேஜ் ஆகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதோ அது அப்படியே முள்ளில் தெரியும்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். வீடு திருநின்றவூரில். தினமும் காலையில் லோகநாயகி அக்கா தன் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்காரவைத்து, பட்டாபிராம் தாண்டி ஆவடியில் பேக்டரி வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் வேலைக்குப் போவாள். அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். மாமா இரண்டு சாப்பாட்டுப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஜமீன்தார் மாதிரி வருவார். கேட்டில் நிற்கிற ஆட்கள் கிண்டல் செய்தால், ஆமா, என் பொண்டாட்டி நல்லா ஓட்டுவா என்று பதில் சொல்வார். அதற்கு மேல் கிண்டல் செய்ய யாரால் முடியும்.

வினை வந்தது ஒரு செருப்புக் கடையால். சாப்பிடும்போது மாமா, பட்டாபிராமில் டிபன் கடைக்குப் பக்கத்தில் புதிதாகச் செருப்புக் கடை திறந்திருக்கிறான், வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஷூ செய்து வைத்திருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அக்கா எந்த ஷூ என்று கேட்டாள். அந்த ஷூ அங்கே மூன்று மாதமாக நிற்கிறதாம். சோற்றைப் பிசைந்துகொண்டே அக்கா சொன்னாள்:

"பதினஞ்சு வருஷமா நான் லாரி பின்னாடி எழுதியிருக்கிறதத்தான் படிச்சிகினு வரேன். கல்யாண நாளைக்கு மாங்காட்டுக் கோயிலுக்கு நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துகினு வரேன். போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப ஒரு பக்கம்."

மாமா அதைப் பேக்டரி ஆர்டராக எடுத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மீசை முளைக்காத பசங்களோடு வரிசையில் நின்று எட்டு போட்டார். முதல் தடவை போட்டது பூஜ்யம் மாதிரி வந்தது. இரண்டாவது தடவை லைசென்ஸ் கைக்கு வந்தது. அக்காவின் ஸ்கூட்டரை மட்டும் கேட்கக்கூடாது. நான் ஒரு முறை அதற்கு சைடு ஸ்டாண்டு போட்டதற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். எப்படியும் மாமா வேலைக்குப் போகத் தனி வண்டி வேண்டும்தான் என்றாள். கீழே போட்டுப் பழகுவதற்குப் புதுசு எதற்கு, நல்லதாக ஒரு பழைய வண்டி போதும் என்றும் சொன்னாள். என்ன வண்டி என்பதை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை பேச மட்டும் நான் கூடப் போகலாம். இதுதான் ஏற்பாடு.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மாமா அரை நாள் லீவு போட்டார். என் வண்டியில் அம்பத்தூர் போகும் வழியில் பாடம் நடத்தினேன்.

"புடிச்சா திட்டுங்க மாமா. ரொம்பப் புடிச்சா ரொம்பத் திட்டுங்க. புடிக்கலன்னா ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிட்டு நகந்துருங்க. நீங்க எத அதிகமா திட்றீங்களோ அத நான் பேசி முடிச்சுத் தரேன்."

நேராகச் சொன்னால் என்ன என்று கேட்டார். விலை ஏறிவிடும் என்றேன். என்னிடமாவது காதில் சொல்லட்டுமா என்றார். அதுவும் கூடாது, எனக்குத் தெரிந்தால் என் கண் அந்த வண்டிப் பக்கம் போகும், விற்கிறவன் வாயைக் கேட்க மாட்டான், கண்ணைத்தான் பார்ப்பான் என்றேன். திருமுல்லைவாயல் வருவதற்குள் மாமா அதை மூன்று தடவை முணுமுணுத்து மனப்பாடம் செய்துவிட்டார். எனக்குத் திருப்தி.

எஸ்டேட் ரோட்டில் கோவிந்தராஜ் என்பவர் வைத்திருக்கிற கடைக்கு வேம்புலியம்மன் ஆட்டோ கன்சல்டிங் என்று பெயர். பழைய வண்டி வாங்கி விற்கிற இடத்தை எங்கள் பக்கம் கன்சல்டிங் என்பார்கள். ஆலோசனை எதுவும் கிடைக்காது. நாற்பது வண்டி தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நாற்பதும் டாக்டர் ஓட்டிய வண்டி. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு, மழையில் வெளியே எடுத்ததில்லை. அம்பத்தூரில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் ஒருவருக்கும் ஜுரமே வரக்கூடாது. கோவிந்தராஜ் வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், யாரைப் பார்த்தாலும் பாதி மூடிய கண். நம்ம ஜாதி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தொழில் ஜாதியைச் சொல்கிறேன்.

மாமா வரிசையில் நடந்தார். ஓரத்தில் நின்ற ஒரு நீல வண்டியிடம் நின்றார். நூறு சிசி, சின்ன வண்டி. பின் சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்கக் கம்பி வலை, பெண்கள் கால் வைக்க அகலமாக ஒரு தகடு. மாமா ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. பின் சீட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். "இது நல்லா இருக்குது" என்றார், மெதுவாக.

அடடா, பாடம் பிடித்துக்கொண்டாரே என்று நினைத்தேன். நீலம் அவுட்.

நகர்ந்த ஆளைக் கோவிந்தராஜ் அழைத்துப்போய் ஒரு பெரிய கறுப்பு வண்டியில் ஏற்றினார். முந்நூற்றைம்பது சிசி. நின்றால் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் போல ஒரு கம்பீரம். மாமாவுக்குக் கட்டை விரல் மட்டும்தான் எட்டியது. ஸ்டாண்டை எடுத்தார்கள். வண்டி அவசரப்படவில்லை. மத்தியானத் தூக்கம் போடுகிற மாதிரி இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது, கூடவே மாமாவும் சாய்ந்தார், இரண்டு பேரும் தரையில் படுத்தார்கள். நானும் கோவிந்தராஜும் முதலில் வண்டியைத் தூக்கினோம். அதற்குக் கீழேதான் மாமா இருந்தார்.

எழுந்தவர் வாயிலிருந்து பதினைந்து வருஷத்தில் நான் கேட்டிராத சொற்கள் வந்தன. இது வண்டியா, எருமையா. இதைச் செய்தவன் மனுஷன் ஏறுவான் என்று நினைத்தானா இல்லையா. சும்மா கொடுத்தால்கூட வேண்டாம், பணம் கொடுத்து எடுத்துக்கொள் என்றாலும் வேண்டாம். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சைலன்சரை, சீட்டை, ஹேண்டில்பாரை எல்லாம் தனித்தனியாகத் திட்டினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கப்பாகூட இவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. ஒரு பொருள் பிடித்துப்போனதற்காக அதன் கீழே விழுந்து காட்டின ஆளை நான் எங்கே பார்த்தேன். மாப்பிள்ளையாக எடுத்தாலும் எடுத்தோம், முத்தாக எடுத்திருக்கிறோம் என்று நெஞ்சு விம்ம, பேச உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரம். இரண்டு தடவை எழுந்து போனேன். இரண்டாவது தடவை ரோட்டுக்கே போய் என் வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் கதையை அவர் எடுத்தபோது, எந்த டாக்டர், எந்தத் தெரு, எனக்கு இடுப்பு வலி இருக்கிறது போய்க் காட்டுகிறேன் என்று கேட்டேன். அதோடு டாக்டர் பேச்சு நின்றது. நடுவில் மாமா மூன்று தடவை என் சட்டையை இழுத்தார். போதும் நடிப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே அடக்கினேன். கடைசியில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கோவிந்தராஜ் சொத்தை எழுதிக்கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆர்.சி. புக்கை நீட்டினார். சாவியை மாமா கையில் கொடுத்தார். மாமா அந்தச் சாவியை, அளவு பொருந்தாத ஒரு பாகத்தைப் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்தார்.

எதிர் டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். பாதி கிளாஸ் குடித்த பிறகு மாமா கேட்டார்:

"மச்சான், அந்த நீல வண்டிக்கு எப்போ பேசப் போற?"

பெரிய வண்டிக்கு நான் பேசினதெல்லாம் சும்மா போக்கு காட்டுவது, எப்படியும் கடைசியில் நீலத்துக்குத் திரும்புவேன் என்று அந்த மனுஷர் ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். பாடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாடம் ஞாபகம் இருந்ததாம். நீல வண்டி மேல் உட்கார்ந்ததும் குறை சொல்லத்தான் வாயைத் திறந்தாராம்.

"வரல மச்சான். சரியா இருக்கிறத சரியில்லன்னு நான் இதுவரைக்கும் எழுதினதில்ல."

அப்போ கறுப்பு வண்டியை அப்படித் திட்டியது எதற்கு என்றேன். அது என் கால் மேலேயே விழுந்துவிட்டது, பாடமெல்லாம் மறந்துபோச்சு என்றார்.

என் வண்டியை டீக்கடை வாசலில் விட்டுவிட்டு, கறுப்பு வண்டியை நான்தான் திருநின்றவூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மாமா மின்சார ரயிலில் வந்தார். அக்கா வாசலில் வந்து வண்டியைப் பார்த்தாள், மாமாவின் முழங்காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிப் பின்னால் ஏற முயற்சி செய்தாள். மொட்டை மாடிக்கு ஏணியில் ஏறுவது மாதிரி இருந்தது. இறங்கிவிட்டாள்.

"நம்ம கடை பேச்சு அவருக்கு எப்படிடா தெரியும்? பதினஞ்சு வருஷத்துல அவரு நல்லா இல்லன்னு சொன்ன கொழம்பு எதுவும் நிஜமாவே நல்லா இருந்ததில்ல."

அடிமாட்டு விலைக்கு முடித்தேன் என்று நான் சொல்லப்போனேன். நாளைக்கு எங்களோடு வா, வாயைத் திறக்காதே என்றாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் கன்சல்டிங் வாசலில் நின்றோம். கோவிந்தராஜ் கறுப்பு வண்டியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு உடனே தொழிலில் இறங்கினார். நேற்றுச் சிங்கமாக இருந்தது ஒரு ராத்திரியில் இரும்பாகிவிட்டது. என்ஜினில் சத்தம் வருகிறதாம். டாக்டர் எங்கேயோ போய்விட்டார், மூன்று கை மாறிய வண்டி என்றார். இதை மடக்க நாலு பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. அக்கா தன் செருப்புக் காலை என் கால் மேல் வைத்து அழுத்தினாள்.

மாமா முன்னால் போனார்.

"அண்ணே, அந்த வண்டி எனக்கு ஒத்துவராது. எனக்குப் புடிச்சது நீல வண்டி. நேத்துப் பாத்ததுமே புடிச்சிருச்சு. அதைக் குடுங்க."

கோவிந்தராஜ் நிமிர்ந்து பார்த்தார். பாதி மூடிய கண் முழுசாகத் திறந்தது. இருபத்தாறு வருஷத் தொழிலில், பிடித்திருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரு கஸ்டமரை அவர் பார்த்திருக்க மாட்டார். நான் மட்டும் பார்த்திருக்கிறேனா. அவர் என்னைப் பார்த்தார். நான் வாயில் பூட்டோடு நின்றேன். அது அவரை இன்னும் பயமுறுத்தியது. நேற்று ஒன்றரை மணி நேரம் கத்தியவன் இன்று ஊமையாக நிற்கிறான், அவன் கூட்டிவந்த ஆள் நேராகவே பிடித்திருக்கிறது என்கிறான். இதில் பெரிய விஷயம் ஏதோ இருக்கிறது.

அவரே போய் நீல வண்டியைச் சுற்றிவந்தார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் அதில் என்ன இருக்கிறது என்று புரியாமல், மாமாவைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"பின் டயரு தேஞ்சிகீது சார்."

மாமா குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம், நேற்றே பார்த்தேன், மாற்றிக்கொள்ளலாம் என்றார். செயின் தொங்குகிறது என்றார் கோவிந்தராஜ். ஆமாம், இறுக்கினால் போதும் என்றார் மாமா. இன்டிகேட்டர் ஒன்று சில சமயம் அணையாது. அதைக் கையால் அணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குறைக்கும் ஆமாம் வர வர கோவிந்தராஜுக்கு வேர்த்தது. கடைசியில் சீட்டை டப்பென்று மூடினார்.

"அது விக்கிறதுக்கு இல்ல சார். வேற பார்ட்டி கேட்டுகினு கீறாரு."

எங்கள் மொழியில் இதற்கு அர்த்தம், என்ன ரகசியம் என்று தெரியும் வரை தரமாட்டேன் என்பது. மாமாவுக்கு அந்த மொழி தெரியாதே. முகத்தில் முள் அப்படியே கீழே இறங்கியது. வேறு பார்ட்டி இருந்தால் சரி என்று திரும்பிப் போகப் பார்த்தவர், நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாளைக்குக் கல்யாண நாள். பதினைந்து வருஷமாக இவள்தான் ஓட்டுகிறாள், நான்தான் வேடிக்கை பார்க்கிறேன். பட்டாபிராமில் இருக்கிற ஷூவைக்கூட இவள் பார்க்கவில்லை. இந்த வண்டியில் என் கால் எட்டுகிறது, பின்னால் இவள் கால் வைக்கத் தகடு இருக்கிறது. வேறொன்றும் இல்லை அண்ணே.

கோவிந்தராஜுக்கு நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தப் பழக்கம் இல்லை. ஷூவா என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நெசமாம்மா? நீ சொல்லு, வண்டி உனுக்குப் புடிச்சிகீதா?"

அக்கா நீல வண்டியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். எங்கப்பாவே வந்து நின்றதுபோல் இருந்தது.

"வண்டி சுமார்தான். சீட்டு ஓரத்துல கிழிஞ்சிருக்கு. இந்த நீலமும் ஒரு மாதிரி அடிக்குது. அந்தக் கம்பி வலையில துருவு வேற. இதுக்குப் போயி காலங்காத்தால வந்து நிக்கிறோம்."

கோவிந்தராஜின் முகம் மலர்ந்தது. வெளியூரில் அலைந்து திரிந்தவனுக்குச் சொந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்த மாதிரி இருந்திருக்கும். கண் பழையபடி பாதி மூடிக்கொண்டது. அந்தம்மாவுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அப்புறம் வேற பார்ட்டி என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. கறுப்பை எடுத்துக்கொண்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் கடித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்தார். பின் டயரை அவரே புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மாமா நன்றி சொன்னபோது மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா ஓட்டினார். நான் துணைக்குப் பின்னால் என் வண்டியில் போனேன். மணிக்கு முப்பது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப்போகும்போது திரும்பிப் பார்த்தார். பட்டாபிராமில் அக்கா அந்த ஷூவைப் பார்த்துவிட்டு மாமாவின் தோளைத் தட்டினாள். ஆவடி தாண்டிப் பருத்திப்பட்டில் ஏரியும் நடைபாதையும் பார்த்து, இதை எப்போது கட்டினார்கள் என்று கேட்டாள். மாமாவிடம், நீங்களும் பாருங்கள் என்றாள். அவர் கழுத்தைத் திருப்பவில்லை, முன்னால் லாரி போகிறது, அதில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். குமணன்சாவடியில் சிக்னல் விழுந்து வண்டி இரண்டு தடவை அணைந்தது, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே ஏதேதோ சொன்னார். மாமா திரும்பி அவரிடம் சாரி சொன்னார்.

மாங்காட்டில் தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் அக்காவிடம், மாமா எப்படி ஓட்டினார் என்று கேட்டேன். மாமா குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே காதைக் கொடுத்தார்.

அக்கா ஆரம்பித்தாள். இதுக்கு நடந்தே வந்திருக்கலாம். பிரேக் போட்டால் நெஞ்சு போய் முதுகில் இடிக்கிறது. சென்னீர்க்குப்பத்தில் வேகத்தடை இருந்ததையே கவனிக்கவில்லை. பருத்திப்பட்டில் போட்ட இன்டிகேட்டர் குமணன்சாவடி வரை அடித்துக்கொண்டே வந்தது. மாட்டுக்கு ஹாரன் அடிக்கிறார், மனுஷனுக்கு அடிக்க மாட்டேன் என்கிறார். வழியெல்லாம் கேட்டதற்கு மட்டும்தான் பதில். சிக்னலில் அணைந்தது. பஸ்காரரிடம் சாரி. கோயிலைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டுத் திரும்ப நடக்க வைத்தார். சட்டையும் வேர்த்து நாறுகிறது.

மாமாவின் முகத்தில் முள் இறங்கிக்கொண்டே வந்தது, பதினைந்து வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது இறங்கினது மாதிரியே. நடுவில் எங்கோ நின்றது. குங்குமப் பொட்டலத்தைப் பையில் வைத்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார்.

"எத்தனை ஆச்சு மச்சான்?"

பத்து என்றேன்.

அக்கா பூக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்த ஹெல்மெட்டும் அவருக்கு எடுப்பா இல்ல" என்றாள்.

மாமா இன்னொரு விரலை மடக்கினார். முள் மேலே ஏறியதை நான் பார்த்தேன். நீல வண்டியின் பின் சீட்டைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டு, சாவியைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பூந்தமல்லியில அத்தைக்கு ஒரு போன் போடு. ரவையை வறுக்கச் சொல்லு."